தண்டவாளம் நீங்கிய தடங்கள்

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் மாலைவேளையில் நிற்போர்க்கு, கடலோரமாக நீளும் அவ்விருப்புப் பாதை என்றும் நிலைத்திருப்பதொன்று எனவே தோன்றும். ஆயின் நம் நாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, புகையிரதப் பாதைகளும் தோன்றி, வளர்ந்து, மறைந்தமை புலனாகும். மறைந்த பாதைகளின் நிலத்துக்கு யாது நேர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கொழும்பிலிருந்து கிழக்கே சென்ற களனிவெளிப் பாதை 1902 இல் அவிசாவளையையும், 1903 இல் எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. அதன் கிளை 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்காவுக்கும் நீண்டது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலமே. செலவு குறைவு, வளைவான நிலத்துக்கு ஏற்றது என்பன அதன் சிறப்புகள். தேயிலையும் இறப்பரும் அதன்வழி வந்து, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தின் ஊடாகக் கப்பலேறின. லொறியும் பஸ்ஸும் பெருகவே பாதை நலிந்தது. எட்டியாந்தோட்டைப் பகுதி 1942 இலும், அவிசாவளைக்கு அப்பாலான இரத்தினபுரிப் பகுதி 1970களிலும் கைவிடப்பட்டன. எஞ்சிய பகுதி 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது.

மலைநாட்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற குறும்பாதையும் 1940களில் மூடப்பட்டது. அதன் இருமருங்கிலுமிருந்த தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பான்மையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். அவர்கள் பறித்த கொழுந்தே அப்பாதைக்கு வாழ்வளித்தது.

இவ்வாறு கைவிடப்பட்ட பாதைகளை வேறு நாட்டார் எவ்வாறு பயன்படுத்தினர் என நோக்குதல் தகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் எல்ரோய், ஸ்பார்ட்டா என்னும் ஊர்களுக்கிடையே, மேடும் பள்ளமுமான வேளாண் நிலத்தினூடாகச் சென்ற பாதை தண்டவாளம் நீக்கப்பட்டு, 1967 இல் ஏறத்தாழ 32 மைல் நீளமான துவிச்சக்கர வண்டித் தடமாகத் திறக்கப்பட்டது. புகைவண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏறமாட்டாது. ஆதலின் மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், மலையைக் குடைந்தும் பாதை சமன்செய்யப்படும். அச்சீரான சரிவே, மிதிப்பவன் குன்றுகளிடையேயும் களைப்பின்றிச் செல்ல வழிசெய்கிறது. அந்நாட்டில் 1983 இல் இயற்றப்பட்ட சட்டமோ இன்னும் ஒருபடி மேற்சென்றது. பயன்படாத பாதையைத் தடமாக வைத்திருந்து, பின்னொருகால் தேவைப்படின் மீண்டும் புகையிரதத்துக்கே அளிக்க அது வகைசெய்தது. அஃதாவது, தடம் என்பது பொழுதுபோக்குக்கு மட்டுமன்று. துண்டுபடாது காக்கப்படும் பொதுநிலமுமாகும்.

இவ்வுண்மைக்கு நம் வடபகுதியே சான்று. 1956 முதல் ஓடிய யாழ்தேவி 1990 யூன் மாதத்தில் போரினால் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. எரிபொருள் அரிதான அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியே குடாநாட்டு மக்களின் முதன்மை வாகனமாயிற்று. இரும்பு போயினும் மண்மேடு இருந்தது; அது செல்லும் வழி அறுந்துவிடவில்லை. அதனாலேயே இந்தியாவின் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2014 ஒக்ரோபர் 13 ஆம் நாள் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் எட்டியது.

இரத்தினபுரி, இராகலைப் பாதைகளுக்கு அப்பேறு கிட்டவில்லை. ஒரு பாதையின் நிலம் ஒருமுறை துண்டு துண்டானால், பின்னர் அதனை ஒன்றிணைப்பது புதுப்பாதை அமைப்பதினும் கடினமாகும். எஞ்சியுள்ள பகுதிகளையேனும் அளந்து, நடைக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உரிய தடங்களாகக் காப்பது அறிவுடைமை. இரும்பு விலைக்குக் கிடைப்பது. முகமறியா உழைப்பாளர் மண்வெட்டியால் சமன்செய்து தந்த சரிவோ எளிதிற் கிடைப்பதன்று. அதனைப் பேணுதல் அவ்வுழைப்பாளர்க்கு நாம் செலுத்தும் நன்றியுமாகும்.