அரசி, அதிகாரி, அடிமை: பழவேற்காட்டின் மூன்று பெண்கள்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. வாழ்வு நிலையில்லாதது என்று வருவோருக்கு எச்சரிக்கத்தான் அவற்றை நிறுத்தினார்கள். ஆனால், நிறுத்தியவர்களுக்கே அந்த எச்சரிக்கையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை போலும்! உள்ளே கிடக்கும் பலகைக் கற்களில் பெயர், பதவி, குலச்சின்னம், இறந்த நாள் என்று ஒன்றுவிடாமல் ஆழமாக வெட்டிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அந்த எழுத்துகள் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன.

அந்த ஒல்லாந்தருக்குக் கரையில் இடம் கொடுத்தவர் ஒரு பெண். அவர்களுக்காக ஆங்கிலேயரைத் திருப்பி அனுப்பியவர் இன்னொரு பெண். அவர்கள் கட்டியெழுப்பிய வாணிபத்தில் சரக்காக ஏற்றப்பட்டு, உலகின் மறுமுனையில் ஒரு பெரிய வம்சத்துக்குத் தாயானவர் மூன்றாவது பெண். மூவரின் பெயரும் அந்தக் கற்களில் இல்லை. ஆங்கிலக் கப்பல் வணிகரின் நாட்குறிப்பு, ஒல்லாந்தக் கம்பெனியின் கடிதக்கட்டு, பத்தாவியா நீதிமன்றத் தீர்ப்பு, ஆப்பிரிக்கத் தேவாலயத்தின் திருமுழுக்கு ஏடு என்று அந்நியர் எழுதிய தாள்களில்தான் அவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவு கிராமமும் அதைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களும் தங்கள் வரலாற்றைப் பேசும்போது கோட்டையில் தொடங்குவது வழக்கம். கோட்டைக்கு முன்பே இந்தப் பெண்களுள் இருவர் இருந்தார்கள்.

முதலில் அரசி. 1600-களின் தொடக்கத்தில் பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் முக்கியமான துறைமுகங்களுள் ஒன்று. பேரரசு என்று சொன்னாலும் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு எஞ்சிய பேரரசுதான். இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) சந்திரகிரியிலும் பிறகு வேலூரிலும் இருந்து ஆண்டார். பழவேற்காட்டுத் துறையின் வருவாய் அவருடைய அரசியருள் ஒருவருக்கு உரியதாக இருந்தது. இவர் பெயர் ஒரு நூலில் ஒபாயம்மா, இன்னொன்றில் எரைவி. அந்நியர் காதில் விழுந்து அந்நிய எழுத்தில் ஏறிய பெயர் இப்படித்தான் ஆகும்.

இவரை வெறும் பட்டத்தரசியாக நினைத்துவிடக் கூடாது. துறைமுகச் சுங்கம் இவருடைய வருமானம். அக்காலத்தில் கடல்வழியைத் தம் முத்திரைச் சீட்டால் கட்டிவைத்திருந்தவர்கள் சாந்தோமிலிருந்த போர்த்துகீசியர். ஒரே வாங்குபவனிடம் மாட்டிக்கொண்ட துறைக்கு இரண்டாவது வாங்குபவன் வந்தால் லாபம் என்பதைக் கணக்குப் பிள்ளை சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. உள்ளூர்த் துணி மிளகுத் தீவுகளில் விலைபோகும் என்று ஒல்லாந்தர் தேடி வந்தார்கள். 1610-இல் அவர்களுக்கு இங்கே வாணிபம் செய்யும் உரிமை கிடைத்தது. அரசவையில் இருந்த பாதிரிமாரும் சாந்தோம் தூதர்களும் அதைத் தடுக்கப் பாடுபட்டார்கள். அது நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்தது இன்னொரு கப்பல். 1611 ஆகஸ்டில் ‘குளோப்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வெளியே நங்கூரமிட்டது. தலைவர் அந்தோணி ஹிப்பன். உடன் வந்த வணிகர் பீட்டர் புளோரிஸ். இறங்கியவர்களிடம் ஒல்லாந்தத் தலைவர் வான் வேசிக் நயமாகவும் கறாராகவும் ஒரு செய்தி சொன்னார்: ஒல்லாந்த இளவரசர் மோரிஸின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஐரோப்பாவிலிருந்து வரும் எவரும் இங்கே வாணிபம் செய்யக்கூடாது என்று வேங்கடபதி ராயர் கவுல், அதாவது உறுதிச் சீட்டு, கொடுத்திருக்கிறார். ஆங்கிலேயர் தங்களுக்குத் தங்கள் அரசரின் ஆணை போதும் என்றார்கள். வாய்ச்சண்டை முற்றியது. துறைமுக அதிகாரியான ஷாபந்தர் இருதரப்பையும் அமர்த்தினார். ‘அம்மா வரட்டும், அவர் சொல்வதுதான் முடிவு’ என்கிற பாணியில் பேச்சு நின்றது.

அந்த அம்மா, புளோரிஸின் குறிப்பில் ‘கொண்ட மா’. கொண்டம்மா என்று நாம் படிக்கலாம். பழவேற்காட்டின் ஆளுநர் என்றே அவரைக் குறிப்பிடுகிறார் புளோரிஸ். சில நாளில் கொண்டம்மா ஊருக்கு வந்தார். கவுல் கவுல்தான், ஒல்லாந்தருக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்பதே அவர் பதிலின் சாரம். ஹிப்பனும் புளோரிஸும் வடக்கே நிசாம்பட்டினத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சோழமண்டலக் கரையின் வடபகுதியில், மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் காலூன்றிய கதை அங்கே தொடங்குகிறது. பழவேற்காடு ஏரியின் வடகோடிப் பக்கம் துர்கராஜபட்டினத்தில் அவர்கள் 1626-இல் ஒரு பண்டகசாலை வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1639-இல் தெற்கே மதராசபட்டினம். சென்னைப் பெருநகரம் பழவேற்காட்டில் எழாமல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றின் வரிசையில் 1611-இல் ஒரு பெண் அதிகாரி சொன்ன ‘முடியாது’ என்ற சொல்லையும் சேர்த்தாக வேண்டும்.

போர்த்துகீசியர் சும்மா இருக்கவில்லை. 1612 ஜூனில் சாந்தோமிலிருந்து வந்து ஒல்லாந்தரின் பண்டகசாலையை நாசமாக்கினார்கள். அதன் பிறகுதான் கோட்டைப் பேச்சு வலுத்தது. அரசியின் ஆட்கள் தொடங்கியிருந்த வேலையில் ஒல்லாந்தர் பங்காளியாகி, வெகு சீக்கிரமே அதை முழுதும் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1613-இல் கோட்டை நின்றது. வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார்: கெல்டிரியா. நிலம் யாருடையது, பெயர் யாருடையது என்ற கேள்வியை அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே வேங்கடபதி ராயர் இறந்தார். அவரோடு மூன்று அரசியர் தீப்பாய்ந்ததை இயேசு சபைப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ் எழுதிவைத்திருக்கிறார். நகைகளை உறவினருக்கும் அந்தணருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, மீதியைக் கூட்டத்தில் வீசிவிட்டுப் போனார்களாம். அதன்பின் வாரிசுச் சண்டை, படுகொலை, தோப்பூர்ப் போர். அந்தக் கலவரத்தில் பழவேற்காட்டில் அசையாமல் நின்றது கோட்டை மட்டும்தான்.

மேற்குக் கரையில் உள்ளாலை ஆண்ட ராணி அபக்கா ஏறக்குறைய இதே தலைமுறையைத் தொட்டவர். போர்த்துகீசியரை எதிர்த்துச் சண்டையிட்டவர் என்பதால் பாட்டிலும் கூத்திலும் வாழ்கிறார். இந்தியக் கடலோரக் காவல்படை 2012-இல் ஒரு ரோந்துக் கப்பலுக்கே அவர் பெயரை வைத்தது. வாளெடுத்த பெண்ணை நாடு நினைவில் வைத்துக்கொள்கிறது. சுங்கமும் கவுலும் கணக்குமாக ஆண்ட பெண்ணை மறந்துவிடுகிறது. அபக்காவுக்குக் கிடைத்தது அதிகம் என்பதல்ல பேச்சு. ஒபாயம்மாவுக்கும் கொண்டம்மாவுக்கும் கிடைத்தது மிகக் குறைவு.

இனி மூன்றாவது பெண். இவர் கதைக்கு அரசியின் கோட்டைதான் வாசல்.

கெல்டிரியாவிலிருந்து துணி மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள். பஞ்சம் வந்தபோதெல்லாம், படையெடுப்பு வந்தபோதெல்லாம் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். தரகர்கள் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். 1622–23-இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 அடிமைகளைக் கப்பலேற்றியதாக ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்த மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். போய்ச்சேர்ந்த இடம் பெரும்பாலும் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா.

அப்படிப் போனவர்களுள் 1631 வாக்கில் பிறந்த ஒரு பெண்ணும் உண்டு. தாய் தகப்பன் வைத்த பெயர் போய்விட்டது. ஏடுகளில் அவர் ‘பாலியாகட்டாவின் காத்தரீனா’, அதாவது பழவேற்காட்டுக் காத்தரீனா. பின்னாளில் ‘குரூட்டே காத்ரீன்’, அதாவது பெரிய காத்ரீன். 1656-இல் பத்தாவியாவில், தன்னைத் தாக்கிய ஆணைத் திருப்பி அடித்தார். அவனும் அடிமைதான், மலபார்க்காரன். அடி படாத இடத்தில் பட்டு, அவன் இறந்துபோனான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேலவை அதை மாற்றி, ஆயுள் முழுதும் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தியது. 1657 பிப்ரவரியில் ‘பிரின்ஸ் வில்லெம்’ கப்பலில் அவர் அங்கே இறங்கினார். அங்கிருந்த கேப் குடியேற்றத்துக்குக் கைதியாக அனுப்பப்பட்டதாகப் பதிவான முதல் பெண் இவர்தான். அவரைப் பற்றிய தாள்களையெல்லாம் தோண்டியெடுத்துத் தொகுத்தவர் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் மான்செல் அப்ஹாம்.

குடியேற்றத்துக்கு அப்போது வயது ஐந்து. ஒரு மண்கோட்டை, சில தோட்டங்கள், நூற்றுச் சொச்சம் மனிதர்கள். காத்ரீன் தளபதி யான் வான் ரீபெக்கின் வீட்டுத் துணி வெளுத்தார். அந்த வீட்டில் வளர்ந்த இன்னொரு பெண் குரோட்டோவா, கோய் இனத்தவர்; இரு மக்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றவர். தென்னாப்பிரிக்கப் பள்ளிப் புத்தகங்கள் இன்று குரோட்டோவாவைச் சொல்கின்றன, திரைப்படமும் வந்துவிட்டது. துணி வெளுத்த பெண்ணுக்கு அந்தப் புகழ் வரவில்லை. வந்தது வேறொன்று.

ஹான்ஸ் கிறிஸ்டோபல் ஸ்னைமன் என்ற சிப்பாய் வழியே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். 1669-இல் அவனுக்குத் திருமுழுக்கு, பெயர் கிறிஸ்டோபல். சிப்பாய் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். காத்ரீன் 1671-இல் வங்காளத்திலிருந்து வந்து விடுதலை பெற்றிருந்த அந்தோணி யான்சை மணந்தார். 1680-களின் தொடக்கத்தில் இறந்தபோது அவர் கைதியுமில்லை, அடிமையுமில்லை. அனாதையான மகன் வளர்ந்து, மதக் கொடுமைக்குத் தப்பி வந்த யூகனோ என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் குடும்பமான சவோய் வீட்டுப் பெண் மார்கரீத்தை மணந்தான். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்ற குடும்பப் பெயரோடு இருக்கும் ஆப்பிரிக்கானர் (ஒல்லாந்தக் குடியேறிகள் மரபினராகக் கருதப்படும் வெள்ளையர்) அந்த மகன் வழி வந்தவர்கள். விவசாயிகள், போதகர்கள், போயர் போரில் படை நடத்தியவர்கள் என்று அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானோர்.

இதில் வரலாறு செய்த குறும்பைக் கவனிக்கவேண்டும். 1949-இல் அதே நாட்டில் வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்வதைச் சட்டம் தடுத்தது. 1950-இல் ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. பழவேற்காட்டு அடிமையின் பேரப்பிள்ளைகள் ‘வெள்ளையர்’ பத்தியில் பதிவானார்கள். 1971-இல் யோஹன்னஸ் ஹீசே என்ற ஆப்பிரிக்கானர் வரலாற்றாசிரியரே தேவாலய ஏடுகளைக் கூட்டிப் பார்த்து, தம் மக்களின் மரபில் ஏறத்தாழ 7 விழுக்காடு ஐரோப்பாவைச் சேராதது என்று அச்சிட்டபோது பலருக்குக் கசந்தது.

தென்னாப்பிரிக்கா என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருபவர் தில்லையாடி வள்ளியம்மை. 1914-இல் பதினாறு வயதில், சிறையில் கண்ட நோயால் இறந்தவர். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவர் பெயர். நேட்டாலுக்கு முதல் கூலிக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது 1860-இல். அதற்கு 203 ஆண்டு முன்பே பழவேற்காட்டுப் பெண் ஒருவர் தென்னாப்பிரிக்கக் கரையில் இறங்கிவிட்டார். கேப் நாட்டில் ஊர்ப் பெயரைச் சுமந்த அடிமைகள் எல்லோரும் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் அல்லர். ஏற்றிய துறையின் பெயரே ஒட்டிக்கொண்டதும் உண்டு. இருந்தாலும் ‘பாலியாகட்டா’ என்ற பெயரை அத்தனை தூரம் கொண்டுபோனவர் அவரே.

துணியும் அப்படிப் பயணம் போனது. பழவேற்காட்டின் கட்டம்போட்ட துணிக்கு நெய்தவர் ஆண்கள் என்றால், நூல் நூற்ற கைகள் பெண்களுடையவை. பாளையக்காட்டு லுங்கி என்று தமிழ்நாடு அறியும். கரீபியன் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டிய கைக்குட்டைக்கும் இந்த ஊரின் பெயரே வழங்கியது. நூற்றவர்களுள் ஒருவர் பெயரும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. குற்றம் செய்தால்தான் பெண் பெயர் ஏட்டில் ஏறும் என்பதற்குக் காத்ரீனே சாட்சி.

ஏரியின் இன்றைய பெண்களுக்கு வருவோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. இதில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கம் ஆராய்ச்சியாளர் பலரை இழுத்திருக்கிறது. யார் எந்த நாளில் எந்தத் துறையில் வலை போடலாம் என்பதைக் கூடிப் பேசிச் சீட்டெடுத்து முடிவு செய்யும் நேர்த்தியான ஏற்பாடு. நேர்த்தியை மெச்சி எழுதும் கட்டுரைகள் ஒன்றைச் சட்டென்று கடந்துவிடுகின்றன: பாட்டுக்கு உரியவர் தலைக்கட்டில் சேர்ந்த ஆண். பெண்ணுக்கு அதில் இடமில்லை. குறிப்பிட்ட சமூகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இல்லை.

பாட்டுக்கு வெளியே நிற்பவர்களுள் இருளர் பெண்கள் உண்டு. வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கீறலும் முள்குத்தும் தினப்படி. எந்தச் சேற்றில் எந்தப் பருவத்தில் இறால் ஒதுங்கும், முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எது முதலில் குறையும் என்பது அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. பிடித்துவந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, பொன்னேரிப் பக்கம் தெருத்தெருவாக விற்று, அன்றாடக் கடனை அடைக்கும் மீனவப் பெண்களும், பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடையும் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களும் இதே கரையின் பொருளாதாரத்தைத் தாங்குபவர்கள்.

இவர்கள் பெயர் ஏறும் ஏடு ஒன்று அண்மைக் காலத்தில் வந்திருக்கிறது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் பெண்ணே. தமிழக அரசின் மீனவ மகளிர் சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில் சந்தா கட்டுபவரும் பணம் பெறுபவரும் அவரே. கொண்டம்மா முடிவு சொன்ன துறையில், பாட்டுக்கான சீட்டெடுப்பு மட்டும் இன்னமும் ஆண்கள் கூடும் இடத்தில்தான் நடக்கிறது.