அந்த முதல் மாணவருக்கு ஆசிரியர் யார்?

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இன்று டாக்டர். அமெரிக்காவில் அவசர மருத்துவ ரெசிடென்சிக்கு, அதாவது நம் ஊர் மேற்படிப்பு போன்ற பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கிறாள். "நாலஞ்சு இடத்துல நேர்காணல் வந்திருக்கு சார். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கறதுன்னே தெரியல" என்றாள் போனில். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ வைத்திருப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன தெரியும்! ஆனால் வரலாறு பிடிக்கும். அந்தத் துறையின் கதையைத் தேடிப் படித்தேன்.

1950களில் அங்கேயும் அவசர சிகிச்சை அறைக்கென்று தனி டாக்டர் கிடையாது. பயிற்சி டாக்டர்களும், முறை வைத்து வரும் மற்றத் துறைக்காரர்களும்தான் பார்ப்பார்கள். தோல் டாக்டரின் முறையன்று மாரடைப்புக்காரர் வந்தால் அவர் தலையெழுத்து. 1961-ல் வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் ஜேம்ஸ் மில்ஸும் இன்னும் மூன்று டாக்டர்களும் சொந்த கிளினிக்கை விட்டுவிட்டு, இரவு பகலாக அந்த அறையை மட்டுமே பார்க்க ஆரம்பித்தார்கள்.

1970-ல் சின்சினாட்டியில் முதல் ரெசிடென்சி தொடங்கியது. மாணவர் ஒரே ஒருவர், புரூஸ் ஜேனியாக். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அவருக்கு ஆசிரியர் யார்? அந்தப் பயிற்சி முடித்தவர் நாட்டிலேயே ஒருவரும் இல்லையே! ஒவ்வொரு துறையாகப் போய்க் கற்றுக்கொண்டுதான் 1972-ல் வெளியே வந்தார். 1979-ல் அவசர மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றார்கள். அனுபவத்தை மட்டும் காட்டிச் சான்றிதழ்த் தேர்வு எழுதும் வழியும் 1988-ல் மூடப்பட்டது. அதன்பின் ரெசிடென்சி ஒன்றே வாசல்.

எனக்குப் பழைய நினைவு வந்தது. கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் பள்ளியில், ஆசிரியர் லீவு போட்ட வகுப்புக்கெல்லாம் எங்களை அனுப்பினார்கள். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கக் கற்றுக்கொண்டேன், வேறொன்றுமில்லை. அடுத்த பள்ளியில் ஒரு வயதான ஆசிரியை தினமும் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனிப்பார். மணி அடித்ததும் கூப்பிட்டு, எங்கே தவறினேன் என்று சொல்வார். நான் ஆசிரியரானது அங்கேதான்.

அவளுக்கு இதைத்தான் சொன்னேன். "பேரு, கட்டடம் எல்லாம் அப்புறம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு உயிருக்குப் போராடுற ஒருத்தரைக் கொண்டு வந்தா, உன் பக்கத்துல அந்தத் துறை படிச்ச பெரிய டாக்டர் நிக்கிறாரான்னு கேளு. மூச்சுக்குழாய்ல டியூப் போடுறது நீயா, இல்ல வேற துறைக்காரங்க வந்து வாங்கிக்கிறாங்களான்னு கேளு. குழந்தைங்க கேஸ், விபத்து கேஸ் போதுமான அளவு வருதான்னும் கேளு. தலைவரை விட்டுடு, இரண்டாம் வருஷம் படிக்கிறவங்களைத் தனியாப் பிடிச்சுக் கேளு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "முதல் நேர்காணல் முடிஞ்சிடுச்சு சார். அங்க சம்பளமும் லீவும்தான் கேட்டேன்" என்றாள். வெள்ளிக்கிழமை அடுத்தது இருக்கிறதாம்.