அரியலூர் ரயிலும் ஒய் = எம்எக்ஸ் + சி-யும்

குன்னம் பக்கத்தில் இருப்பவர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்து அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். பெரம்பலூர் நகரத்துக்கே ரயில் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் எல்லோரையும் கொட்டாவி விட வைக்கும் நேர்கோட்டுச் சமன்பாடு, அந்த ஸ்டேஷன் வழியாகப் போகிற ரயில்களைப் பல வருடம் காப்பாற்றி வந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் கோட்டின் கதை. வரைபடம் என்றதும் டெகார்த்தே பெயரைத்தான் சொல்லித் தருவார்கள். விட்டத்தில் ஊர்ந்த ஈயைப் படுத்துக்கொண்டே பார்த்தாராம், ஆயத்தொலைகளைக் கண்டுபிடித்தாராம்! ஆதாரம் இல்லாத கதை. அவர் புத்தகம் 1637ல் வந்தது, பெரிய புத்தகம்தான். ஆனால் அவருடைய ஆர்வமெல்லாம் வளைகோடுகள் மேல். இரண்டு மாறிகள் உள்ள ஒருபடிச் சமன்பாடு எதுவானாலும் அது ஒரு நேர்கோடு என்று தெளிவாக எழுதி வைத்தவர் பெர்மா. துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் கணக்கு. அவர் எழுதியதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். ஆனால் அச்சில் வந்தது 1679ல், அவர் இறந்து 14 வருடம் கழித்து. பேர் மட்டும் டெகார்த்தேவுக்குப் போய்விட்டது, பாவம்.

இந்தக் கோட்டை ரயிலுக்குக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள். மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் நூலில் பாரிஸ் - லியோன் ரயில்களின் கால அட்டவணை முழுவதும் ஒரே படமாக இருக்கிறது. அந்த முறையை இப்ரி என்ற பொறியாளருடையது என்கிறார் மாரே. குறுக்கே நேரம், மேலே கீழே ஊர்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. கோடு செங்குத்தாக நிமிர நிமிர ரயில் வேகம். படுத்தே கிடந்தால் ரயில் ஸ்டேஷனில் நிற்கிறது என்று அர்த்தம். ஆக, புத்தகம் 'சாய்வு' என்று சொல்வது இங்கே வேகம். அவ்வளவுதான்!

நம் ஊர் ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளிலும் பெரிய சார்ட் தாளில் பேனாவும் ஸ்கேலுமாக இதே கோடுகளைத்தான் போட்டு வந்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது.

ஒரு உதாரணம் பாருங்கள். அரியலூரில் இருந்து திருச்சி சுமார் 70 கிலோமீட்டர். நடுவில் கல்லகம், புள்ளம்பாடி, லால்குடி எல்லாம் வரும். கணக்குக்காக, 8 மணிக்கு அரியலூரில் ஒரு ரயில் 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது, நடுவில் எங்கும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியலூரில் இருந்து தூரம் = 60 × நேரம். அதே 8 மணிக்குத் திருச்சியில் இருந்து எதிரே ஒரு கூட்ஸ். அது 8 மணிக்கு 70வது கிலோமீட்டரில், 9 மணிக்கு 25வது கிலோமீட்டரில். கோடு போட இந்த இரண்டு புள்ளி போதும். தூரத்தில் மாற்றம் 25 - 70 = -45, நேரத்தில் மாற்றம் 1 மணி. ஆக சாய்வு -45. மைனஸ் என்றால் அரியலூரை நோக்கி வருகிறது. நேரம் பூஜ்யமாக இருக்கும்போது தூரம் 70, அதுதான் 'சி', அதாவது வெட்டுத்துண்டு. ஆக தூரம் = 70 - 45 × நேரம்.

இப்போது இரண்டையும் சமப்படுத்துங்கள். 105 × நேரம் = 70. நேரம் மூன்றில் இரண்டு மணி, அதாவது 40 நிமிடம். 8.40க்கு, அரியலூரில் இருந்து 40வது கிலோமீட்டரில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன.

பரீட்சையில் இது இரண்டு மார்க். ஒற்றைப் பாதையில் இது உயிர். அந்த வெட்டுப்புள்ளி இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் விழக்கூடாது. ஏதாவது ஒரு ஸ்டேஷனில், ஒரு ரயில் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும் இடத்தில்தான் விழவேண்டும். அதற்காக ஒரு கோட்டைக் கொஞ்ச நேரம் படுக்க வைப்பார்கள். "கிராசிங்குக்காக நிக்குது" என்று பெட்டிக்குள் நாம் திட்டிக்கொண்டிருப்பது அந்தப் படுத்த கோட்டைத்தான். இந்த வழியில் இரட்டைப் பாதை வந்த பிறகு அந்தக் காத்திருப்பு குறைந்துவிட்டது.

கோட்டுக்குத் தெரியாத விஷயமும் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது எதிரே ரயில் வந்ததால் அல்ல. மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே மண்ணை அரித்துவிட்டிருந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.