கணவாயில் ஒரு கிளைக்கதை

போன வாரம் 1809 பிப்ரவரி 9 இரவில் நிறுத்தியிருந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிய கும்பினிப் படை கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஆரல்வாய்மொழிக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியின் ஆட்கள். கும்பினி ரெசிடென்ட் மெக்காலேக்கும் தளவாய்க்கும் எதில் முட்டிக்கொண்டது, குண்டறையில் அவர் என்ன அறிவித்தார் என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. இந்த வாரம் கோட்டை விழ வேண்டும்.

விழட்டும். அதற்கு முன் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில் தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டியதும் நாஞ்சில் நாட்டுப் பச்சை மெலியத் தொடங்கும். நெல்வயல் போய்ப் பனையும் உடைமரமும் எருக்கும் வரும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய். ஆனி, ஆடியில் அந்தச் சந்துக்குள் புகும் தென்மேற்குக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அவற்றைப் படமெடுக்க வருகிறார்கள். முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிடாமல் லாரிக்காரர்கள் கடப்பதில்லை. மூன்றாவது கூட்டம் காற்றாடிமலைக்கு வருகிறது. கோட்டை எங்கே என்று கேட்டு வந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

காற்றாடிமலையில்தான் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுடப்பட்டார். வேலுத்தம்பியின் சண்டைக்கு 57 ஆண்டு முந்திய கதை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இந்தக் கணவாயைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். உதயகிரிக் கோட்டை வேலையில் டச்சுத் தளபதி டிலனாயுடன் பழக்கம். குளச்சலில் 1741-ல் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த அதே டிலனாய்தான். வீட்டில் கால்நடைகள் செத்து, சொத்து கரைந்து, நீலகண்டன் மனமொடிந்திருந்த நேரத்தில் டிலனாய் விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். ஒரு பீரங்கிக்காரன் வாயில் யோபு! எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த காட்சி அது.

ஞானஸ்நானம் 1745-ல், வடக்கன்குளத்தில், இயேசு சபைப் பாதிரியார் புத்தாரி கையால். நீலகண்டன் தேவசகாயம் ஆனார். வடக்கன்குளம் கணவாய்க்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே. மகாராஜாவின் சேவகர் மதம் மாற எல்லை தாண்ட வேண்டியிருந்தது. மனைவி பார்கவியும் பின்னர் மாறி ஞானப்பூ ஆனார்.

1749-ல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்முகமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் முழங்கையால் மோதியதும் தண்ணீர் வந்ததாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான்பாறை இன்றும் இருக்கிறது. காற்றாடிமலையில் இன்னொரு பாறை, தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அவர் உயிர் பிரிந்தபோது உருண்ட பாறை என்பது பக்தர்கள் நம்பிக்கை. உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடங்கியது.

அரசு ரகசியத்தை வெளியே விட்டார், அதற்குத்தான் தண்டனை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ராஜதுரோகியை எந்த ராஜா மூன்று வருஷம் எருமை மேல் ஊர்வலம் விட்டுக்கொண்டிருப்பான்? மார்த்தாண்டவர்மா துரோகிகளை எப்படி முடித்தார் என்பதை எட்டுவீட்டுப் பிள்ளைமார் அத்தியாயத்தில் பார்த்தோம். இவருக்கு நடந்தது மற்றவர்களை மிரட்டுவதற்கான காட்சி. குளச்சல் வீரரைப் புகழும்போது நாம் காற்றாடிமலையைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது பெயரிலிருந்த ‘பிள்ளை’யையும் எடுத்துவிட்டார்கள். சாதியை விட்டுவந்த மனிதருக்குச் செய்ய வேண்டிய மரியாதை. தாமதம்தான், ஆனாலும் சரி.

ஆசிரியர் கொடுத்த பக்கம் முடியப்போகிறது, கோட்டை இன்னும் நிற்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு வரிசை கிட்டத்தட்ட 2 மைல் நீளம், இரண்டு மலைகளையும் இணைத்தது. பீரங்கிகள் சாலையையும் வாசலையும் பார்த்து நின்றன. மேஜர் வெல்ஷ் என்பவர் இருட்டில் தென்புற மலை மீது ஆட்களோடு தவழ்ந்து ஏறினார். மலையே காவல் என்று நம்பிய பக்கம் அது. பிப்ரவரி 10 விடிந்தபோது எதிரி தலைக்கு மேல் இருந்தான், அணி கலைந்தது. ஒன்பதாவது நாள் உதயகிரியும் பத்மநாபபுரமும் போயின. வேலுத்தம்பி பெரிய வீரர், சந்தேகமில்லை. ஆனால் தக்கலைக்குப் பக்கத்துத் தலக்குளத்தில் பிறந்தவருக்கு இந்த மலைகளைத் தெரியாதா? அந்த உச்சியில் காவலை இறுக்காதது பெரிய பிழை.

பார்க்க நினைப்பவர்கள் காலை ஏழு மணிக்கு முன் காற்றாடிமலைக்குப் போய்விடுங்கள், வெயில் பொல்லாதது. அடுத்த வாரம் மண்ணடி பகவதி கோயில், தளவாயின் கடைசி நாள். கிளைக்கதை கிடையாது.