உரிமை பிறக்கும் வேளை

குற்றத்துக்கு ஒருவர் இரையாகும் கணம் எது என்பதில் ஐயமில்லை. சட்டம் அவரை உரிமையுள்ளவராக ஏற்கும் கணம் எது என்பது அத்தனை தெளிவானதன்று. புகார் கொடுத்த அன்றா, புலனாய்வின் போதா, குற்றச்சாட்டு நீதிமன்றம் ஏறிய பிறகா? இக்கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அதன் வேரோ இன்னும் பின்னே இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொருளைப் பறிகொடுத்தவரே பெரும்பாலும் வழக்கையும் நடத்தினார். சாட்சிகளைத் திரட்டுவதும் செலவைச் சுமப்பதும் அவர் பாடு. வசதியற்றவர்க்கு நீதி எட்டாக்கனி. விடுதலை பெற்ற அமெரிக்காவில் 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் மைய அரசின் வழக்கறிஞர்களை ஏற்படுத்தியது. அரசு வழக்கறிஞர் முறை வேரூன்றியபோது பாதிக்கப்பட்டவரின் சுமை இறங்கியது; கூடவே வழக்கின் கடிவாளமும் கைமாறியது. காலப்போக்கில் அவர் வெறும் சாட்சியானார். பிறர்மீது வழக்குத் தொடரப்படுவதிலோ தொடரப்படாமல் விடப்படுவதிலோ தனிக்குடிமகனுக்குச் சட்டம் ஏற்கத்தக்க நலன் ஏதுமில்லை என்று 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கு எதிராகவும் குரல்கள் எழுந்தன. 1982இல் அதிபர் ரீகன் அமைத்த குழு, பாதிக்கப்பட்டோருக்காக அரசியல் சாசனத்தையே திருத்தலாம் எனப் பரிந்துரைத்தது. அது கைகூடவில்லை. மாற்றாக 2004இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அரசு வழக்கறிஞருடன் கலந்து பேசும் உரிமை, நியாயத்தோடும் மரியாதையோடும் நடத்தப்படும் உரிமை உள்ளிட்ட எட்டு உரிமைகளை அது வழங்கியது. ஆனால் அவை எப்போது தொடங்கும் என்பதை ஐயமறச் சொல்லவில்லை.

மூன்றே ஆண்டுகளில் சோதனை வந்தது. ஃப்ளோரிடாவில் முப்பதுக்கு மேற்பட்ட சிறுமியரிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக விசாரிக்கப்பட்ட செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன், 2007 செப்டம்பரில் மைய அரசு வழக்கறிஞர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அவர் மாநில நீதிமன்றத்தில் சிறிய குற்றங்களை ஒப்புக்கொண்டால் மைய அரசு வழக்குத் தொடராது என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்டோரிடமிருந்து அது மறைக்கப்பட்டது. விசாரணை தொடர்கிறது, பொறுமை காக்கவும் என்று 2008 ஜனவரியில் அவர்களுக்குக் கடிதம் போயிற்று. அவ்வாண்டு ஜூனில் எப்ஸ்டீனுக்கு விதிக்கப்பட்டது பதினெட்டு மாதச் சிறை. அவர் உள்ளே இருந்தது ஏறக்குறைய பதின்மூன்று மாதம்.

ஏமாற்றப்பட்ட பெண்கள் 2008 ஜூலையில் நீதிமன்றத்தை நாடினர். மைய அரசு குற்றச்சாட்டே பதிவு செய்யவில்லை, ஆகவே அவர்களது உரிமையும் தொடங்கவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். 2019இல் மாவட்ட நீதிபதி சட்டம் மீறப்பட்டது என்றே தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது: வழக்கு ஏதும் தொடங்காத நிலையில், இவ்வுரிமைகளுக்காகத் தனியே நீதிமன்றம் ஏற அச்சட்டம் வழி தரவில்லை.

வழக்கு நடைபெறாதபோது குற்றம் நிகழ்ந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் உரிமையைக் கோரலாம் என்று அச்சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. சிறுபான்மை நீதிபதிகள் அதைச் சுட்டினர். பெரும்பான்மையினரோ பெண்களுக்காக வருந்தினார்கள். வருத்தம் சட்டமாகாது என்றும் கருதினார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

இதிலுள்ள முரண் எளியது. குற்றச்சாட்டுக்குப் பின்னரே உரிமை என்றால், குற்றச்சாட்டே வராமல் பேசி முடிக்கப்படும் வழக்கில் அது பிறப்பதே இல்லை. எந்த அறையில் பாதிக்கப்பட்டவரின் குரல் மிகவும் தேவையோ, அந்த அறையின் கதவுதான் சாத்தப்படுகிறது.

இந்தியாவிலும் இதே இடறல் இருந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், எந்தச் செயலுக்காக ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறதோ அச்செயலால் இழப்புற்றவரையே பாதிக்கப்பட்டவர் என்று வரையறுத்தது. 2022 ஏப்ரலில் லக்கிம்பூர் கேரி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், புலனாய்வுக் கட்டத்திலிருந்தே பாதிக்கப்பட்டவருக்குப் பங்கேற்கும் உரிமை உண்டு என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் வரையறையில் குற்றம் சாட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனைச் சொற்கள் இல்லை. புலனாய்வின் நிலையைத் தொண்ணூறு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஏட்டில் கதவு திறந்திருக்கிறது. இனி அது காவல் நிலையங்களிலும் திறக்க வேண்டும்.