ஒலிக்காத மணி



வரலாறு என்றதும் உங்கள் மனத்தில் தோன்றுவன போர்களும் உடன்படிக்கைகளும் முடிசூட்டு விழாக்களுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நான் இதனை நன்கு அறிவேன். ஆயினும், ஒரு வீட்டு வாயிலில் பொருத்தியிருந்த சிறு மணிக்கும் வரலாறு உண்டு. ஒருநாள் அம்மணி ஒலிக்கவில்லை. அதனால் எழுந்த வழக்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த நாடு ஜப்பான். அம்மணியின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூறப் போகிறேன்.

முதுமையில் சிலருக்கு மறதிநோய் வருகிறது. இது சாவியை வைத்த இடம் மறந்துபோகும் சாதாரண மறதி அன்று. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால், நாளும் கிழமையும், வழியும் வாயிலும், இறுதியில் பெற்ற மக்களின் முகமும் மறந்துபோகின்றன. இந்நோயின் மிகப் பரவலான வகையை 1906-ஆம் ஆண்டில் அலாய்ஸ் ஆல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நோயுற்றோர் பலர் திடீரென எழுந்து வெளியே நடக்கத் தொடங்குகின்றனர். முன்பு வேலை பார்த்த இடத்துக்கோ, என்றோ விட்டுவந்த பிறந்த வீட்டுக்கோ போகிறோம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் திரும்பும் வழி அவர்களுக்குத் தெரியாது.

இத்தகையோரை வீட்டார் எவ்வாறு காப்பது? பழைய விடை ஒன்றுதான்: பூட்டு. ஜப்பானில் 1900-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மனநோயுற்றோரை அரசின் இசைவு பெற்று வீட்டிலேயே அடைத்துவைக்கக் குடும்பத்தாருக்கு வழி செய்தது. வீட்டின் ஒரு மூலையில் மரச்சட்டங்களால் கூண்டு போன்ற அறை அமைத்து அதில் நோயாளியை வைத்தனர். கூரே ஷூசோ என்னும் மருத்துவப் பேராசிரியர் தம் உதவியாளர்களைப் பல மாநிலங்களுக்கு அனுப்பி, அவ்வறைகளின் நிலையை ஆராய்ந்து, 1918-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவ்வறிக்கை அறிஞர் உலகை உலுக்கியது. ஆனால் சட்டம் 1950-இல்தான் நீங்கியது.

சட்டம் நீங்கினும் கடமை நீங்கவில்லை. 1898-இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தின் 714-ஆம் பிரிவு, தன் செயலின் விளைவை அறியாத ஒருவரால் பிறருக்கு நட்டம் நேர்ந்தால், அவரைக் கண்காணிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. இப்பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

1972-இல் அரியோஷி சவாகோ என்னும் பெண் எழுத்தாளர், மறதிநோயுற்ற மாமனாரைப் பேணும் மருமகளின் கதையை நாவலாக எழுதினார். அது பல இலட்சம் படிகள் விற்றது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மறைந்திருந்த துன்பம் ஊரறிந்த பொருளாயிற்று. 1980-இல் கியோட்டோ நகரில் நோயாளிகளின் குடும்பத்தார் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 2000-ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்பீட்டுத் திட்டத்தை அரசு தொடங்கியது. கட்டில், சக்கர நாற்காலி ஆகியவற்றுடன், நோயாளி வெளியேறுவதை அறிவிக்கும் கருவியும் அத்திட்டத்தின்கீழ் வாடகைக்குக் கிடைத்தது. வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பயனாளி கொடுத்தால் போதும் என்பது தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு.

அக்கருவி இயங்கும் முறை மிக எளிது. கட்டிலருகே விரித்த பாய் போன்ற விரிப்பில் கால் பட்டதும், உள்ளிருக்கும் இரு மின்தகடுகள் தொட்டுக்கொண்டு மின்சுற்று நிறைவெய்தும். அடுத்த அறையில் மணி ஒலிக்கும். மற்றொரு வகை, உடலின் வெப்பத்திலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து ஒலிப்பது. பூட்டு நோயாளியைத் தடுக்கிறது. மணியோ காப்பவரை அழைக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

நிற்க. ஐச்சி மாநிலத்தில் ஓபு என்றொரு நகர் உண்டு. அங்கே மறதிநோயுற்ற 91 வயது முதியவர் ஒருவர் தம் மனைவியுடன் வாழ்ந்தார். மனைவிக்கு வயது 85. அவருக்கே பிறர் உதவி தேவைப்பட்டது. மாமனாரைப் பேணுவதற்காக மூத்த மருமகள் தொலைவிலுள்ள யோகோஹாமாவிலிருந்து வந்து அருகில் குடியேறினார். முதியவர் முன்பு இருமுறை வெளியேறித் தொலைந்ததனால், அவர் மேலாடையில் தொடர்பு விவரம் எழுதிய துணியைத் தைத்து வைத்தனர். வாயிற்கதவைப் பூட்டியும் பார்த்தனர். அவர் சினந்து கதவைப் பிடித்து உலுக்கியதால், ஆபத்தென்று கருதிப் பூட்டுவதை விட்டனர். வீட்டு முன்வாயிலில் உணர்கருவியுடன் கூடிய மணியொன்று வைத்தனர். அவர் அங்கே சென்றால் மனைவியின் தலைமாட்டில் அது ஒலிக்கும். பழைய அலுவலக அறையின் வாயிலிலும் ஒரு மணி இருந்தது. ஆனால் அதன் மின்விசை நிறுத்தப்பட்டிருந்தது.

2007 டிசம்பர் 7-ஆம் நாள் மாலை மனைவி சில நிமிடங்கள் கண்ணயர்ந்தார். முதியவர் அலுவலக வாயில் வழியே வெளியேறினார். கியோவா நிலையத்தில் இருப்புப்பாதையில் இறங்கிய அவர், இரயில் மோதி உயிர் நீத்தார்.

துயரம் அத்துடன் முடியவில்லை. வண்டிகள் தாமதித்ததாலும் பயணிகளை வேறு வழியில் அனுப்பியதாலும் ஏற்பட்ட செலவுக்காக, இரயில் நிறுவனம் குடும்பத்தார்மீது சுமார் 72 இலட்சம் யென் கேட்டு வழக்குத் தொடுத்தது. 2013-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் அத்தொகை முழுவதையும் மனைவியும் மூத்த மகனும் செலுத்த வேண்டும் என்றது. அலுவலக வாயில் மணியை இயங்கச் செய்யாமல் விட்டதும் குறையாகக் கொள்ளப்பட்டது. 2014-இல் மேல்நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் பாதித் தொகை கட்ட வேண்டும் என்றது.

மாணவர்களே, இத்தீர்ப்புகளைக் கேட்டு அந்நாட்டுக் குடும்பங்கள் ஏன் அஞ்சின என்பதைச் சிந்தியுங்கள். மணி வாங்கி வைத்தவர் அதை ஒருநாள் இயக்க மறந்தால் குற்றவாளி ஆவார் என்றால், மணி வாங்கவே மக்கள் தயங்குவர். கண்ணயர்ந்த குற்றத்துக்கு ஒரு மூதாட்டி பணம் கட்ட வேண்டும் என்றால், அடுத்த வீட்டார் என்ன செய்வர்? கூண்டு அறையின் காலத்துக்கே திரும்புவர், கதவைப் பூட்டுவர். பேணுவதற்கு முன்வந்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்றால், முன்வருவோரும் இரார்.

2016 மார்ச் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது. மனைவி என்பதாலோ மூத்த மகன் என்பதாலோ மட்டும் ஒருவர் 714-ஆம் பிரிவு கூறும் கண்காணிப்பாளர் ஆகிவிடார். அவருடைய உடல்நிலை, உடன் வாழ்கிறாரா என்பது, பேணும் முறை முதலிய அனைத்தையும் ஆராய வேண்டும் என்று கூறி, குடும்பத்தாரை முற்றிலும் விடுவித்தது.

அதற்கு முன்பே ஊர்களும் விழித்துக்கொண்டன. ஃபுகுவோகா மாநிலத்து ஓமுதா நகரில் 2004 முதல் ஓர் ஒத்திகை நடந்துவந்தது. ஒருவர் வழி தவறிய முதியவர்போலத் தெருவில் நடப்பார். நகர மக்கள் அவரை அடையாளம் கண்டு அன்புடன் பேசப் பழகுவர். அதே 2004-இல் அரசு, இழிவுப் பொருள் தந்த பழைய நோய்ப்பெயரை நீக்கிப் புதுப்பெயர் சூட்டியது. 2016-இன் இறுதியில் சைதாமா மாநிலத்து இருமா நகராட்சி, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கியூ.ஆர். குறி ஒட்டிகளை வழங்கத் தொடங்கியது. அதை நோயாளியின் விரல் நகத்தில் ஒட்டினால், நீர் பட்டாலும் இரண்டு வாரம்வரை நிற்கும். வழியில் காண்போர் கைப்பேசியால் அக்குறியைப் படித்து, நகராட்சியைத் தொடர்புகொள்ளலாம். சட்டையை மாற்றினால் துணித்துண்டு போய்விடும். நகமோ உடன்வரும் என்பதே இதிலுள்ள நுட்பம். ஆனால் நோயாளியின் உடலில் முத்திரை குத்துவது போலாகாதா என்ற கேள்வியும் இதனால் எழத்தான் செய்கிறது. 2024 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மறதிநோய் அடிப்படைச் சட்டம், நோயுற்றோர் மானத்துடனும் நம்பிக்கையுடனும் வாழ வேண்டும் என்பதை நோக்கமாக அறிவித்தது.

இவ்வரலாற்றில் நான் காணும் பொருள் இது. பூட்டுக்குக் காவலர் வேண்டா. அதனாலேயே அது எளிதாகத் தோன்றுகிறது. மணிக்கோ கேட்பவர் ஒருவர் வேண்டும். விழித்திருக்க வேண்டியவர் 85 வயது மூதாட்டி ஒருவரே என்றால், எத்தனை நல்ல கருவியும் பயன் தாராது. மணியின் ஓசையைக் கேட்கும் காதுகளைப் பெருக்குவதே ஓபு நகரத்து நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் சுமார் 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. பொறியியல் பயில்வோர் இன்னும் மலிவான, இன்னும் எளிய மணிகளைச் செய்யுங்கள். சட்டம் பயில்வோர் 714-ஆம் பிரிவின் கதையை மறவாதீர்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. உங்கள் தெருவில் ஒரு முதியவர் எங்கே போவதென்று தெரியாமல் நின்றால், அவரைக் கடந்து சென்றுவிடாதீர்கள். அருகில் சென்று, "ஐயா, எங்கே போக வேண்டும்?" என்று மெல்லக் கேளுங்கள். விடை வரும்வரை அவருடன் பொறுமையாக நில்லுங்கள்.