முத்து எடுத்தவர் யார்? பூண்டவர் யார்?

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள், தோழர்களே! இடுப்பிலே வலைப்பை, காலடியிலே கல், கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவன் கையிலே! மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்திற்குச் செல்கிறான் உழைப்பாளி. பாரிலே கிடக்கும் சிப்பிகளை வாரிக்கொண்டு, நெஞ்சு வெடிக்கும் நேரத்தில் மேலே வருகிறான். கரையிலே சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிகின்றன. ஆங்கிலேய ஆட்சியில் இரண்டு குவியல் சர்க்காருக்கு. எஞ்சிய ஒன்றே மூழ்கியவர்களுக்கு. அந்த ஒன்றையும் திறந்து பார்க்க அவனுக்கு நேரமேது? வீட்டிலே அடுப்பு காத்திருக்கிறது. மூடிய சிப்பியாகவே வணிகனிடம் விற்றுவிட்டு நடக்கிறான். உள்ளே இருந்தது விலைமதிப்பற்ற முத்தா, வெறும் சதையா என்பதைக் கடலில் இறங்கி எடுத்தவன் அறிவதே இல்லை!

பங்கு கேட்க மற்றொருவரும் அங்கே வந்து நின்றார். சுறாமீனின் வாயைக் கட்டும் மந்திரம் தமக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர். 'கடல்கட்டி' என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்த மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். பகலிலே மந்திரத்தைக் கட்டி, இரவிலே அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் எவரும் திருட்டுத்தனமாக மூழ்கக்கூடாது என்பதற்காகவாம்! மூழ்கியவனுக்கு உயிர் போகும் அச்சம். முணுமுணுத்தவருக்கு முத்திலே பங்கு! ஆங்கிலேய ஆட்சிக் காலத்திலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது.

திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்த நாம் சிப்பிக் கதையை ஏன் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. இக்கடற்கரையில் பிறந்த கலைஞர் ஒருவர் முத்து ஒன்றை எடுத்தார். அதைப் பூண்டு புகழ் பெற்றவர் வேறொருவர். அது ஏன் என்று கேட்டால், "அவனுக்கு ராசியில்லை, தலையெழுத்து!" என்று விடை சொல்லிவிடுகிறது ஊர். கலையுலகத்தின் கடல்கட்டி மந்திரம் அதுதான்! அந்த மந்திரத்தை அவிழ்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

சந்திரபாபுவை அறியாதார் தமிழ்நாட்டில் யார்? 1927இல் தூத்துக்குடியில் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையாக நோயுற்றுப் பிழைத்தவர் என்பதால், கடவுள் இட்ட பிச்சை என்று கருதி 'ஜோசப் பிச்சை' என்று பெயரிட்டனர் பெற்றோர். தந்தை ரோட்ரிக்ஸ், விடுதலைப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்னும் ஏட்டை நடத்தியவர். ஆங்கில ஆட்சியின் சீற்றத்திற்கு ஆளாகிச் சொத்தை இழந்தார்; குடும்பம் கொழும்புக்குச் சென்றது. அங்கே வளர்ந்த பிள்ளை 1940களில் சென்னைக்கு வந்து, பட நிலையங்களின் வாயில்களில் காத்து நின்றார். ஆடத் தெரியும், பாடத் தெரியும், மேனாட்டு மெட்டைத் தமிழ் நாவில் உருட்டத் தெரியும். ஆனால் கதவைத் திறக்கச் சொல்ல ஒருவரைத் தெரியாது! 1947இல் 'தன அமராவதி'யில் தலைகாட்டிய பிறகும் வறுமை விடவில்லை. 1952இல் விரக்தியின் எல்லைக்கே சென்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு, வழக்கு மன்றத்தில் நின்று மீண்டார். அதன் பின்னரே ஜெமினி அதிபர் வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் இடம் கிடைத்தது. வாய்ப்பு என்பது உரிமையாக வராமல் பிச்சையாக வந்த காலம் அது. பெயரிலே மட்டுமா பிச்சை!

அதே 1952ஆம் ஆண்டு, அதே சென்னை, ஏறத்தாழ அதே வயது. மற்றோர் இளைஞரைப் பாருங்கள். வி. சி. கணேசன் என்னும் நாடக நடிகர். 'பராசக்தி' படத்திலே குணசேகரன் வேடம் அவருக்கு. உடன் சேர்ந்து படமெடுத்த ஏவி.எம். மெய்யப்பருக்கோ ஐயம். இளைஞர் மெலிந்திருக்கிறார், திரைக்குப் புதியவர், மேடையிலும் திரையிலும் புகழோடு விளங்கிய கே. ஆர். இராமசாமியைப் போடலாமே என்று எண்ணினார். அந்த எண்ணம் ஈடேறியிருந்தால் குணசேகரன் நீதிமன்றக் கூண்டிலே நின்று பேசிய பேச்சு வேறொரு தொண்டையிலிருந்து ஒலித்திருக்கும். ஈடேறவில்லை. ஏன்? குணசேகரனின் தலையெழுத்தா? இல்லை! வேலூர் பி. ஏ. பெருமாள் என்னும் தயாரிப்பாளர் ஒருவர், "இவரே நடிப்பார்" என்று உறுதியாக நின்றார். அவ்வளவுதான்! கணேசன் அதை மறக்கவில்லை. பொங்கல் தோறும் பெருமாள் இல்லம் தேடிச் சென்று நன்றி செலுத்தி வந்தார். யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது கோளுக்கன்று, ஓர் ஆளுக்கு!

இதற்கும் முன்னே ஒரு செய்தி உண்டு. நம் இளைஞர்கள் மறக்கக் கூடாத செய்தி. அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்திலே மராட்டிய வீரன் வேடம் முதலில் எம். ஜி. இராமச்சந்திரனுக்கு என்று முடிவாகியிருந்தது. அவர் விலகிக்கொண்டார். நாடகத்துக்குரிய நாளோ நெருங்கிவிட்டது. டி. வி. நாராயணசாமி கணேசனைச் சுட்டிக்காட்ட, அண்ணா அவரை ஏற்றார். காகபட்டராக அண்ணாவே மேடையேறினார். நாடகத்தைக் கண்ட பெரியார் அந்த இளைஞருக்குச் 'சிவாஜி' என்று பட்டமளித்தார். ஒருவர் விட்ட வேடம் மற்றவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது!

அந்த நாடகத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். வாளால் நாட்டை வென்ற வீரன், முடிசூட்டிக்கொள்ள முற்பட்டபோது, "நீ சூத்திரன், அரசன் வேடம் உனக்கில்லை" என்றது வருணம். காசியிலிருந்து காகபட்டர் வந்து, சடங்குகள் செய்து, செல்வத்தைக் கொட்டிக் கொடுத்த பிறகே 1674இல் முடிசூட்டு நடந்தது. திறமை இருந்தும் வேடம் மறுக்கப்பட்டவன் கதை, வேறொருவர் விட்டுச்சென்ற வேடமாக ஒரு நடிகருக்கு வாழ்வளித்தது. நடிகர் வேடம் இழந்தால் ஒரு படம் போகும். ஓர் இனத்துக்கு வேடம் மறுக்கப்பட்டால் தலைமுறைகள் போகும்!

இனித் தூத்துக்குடிக்காரருக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் சந்திரபாபு புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடமிட்டுச் சிரிக்க வைத்தவர். ஆனால் அவர் உள்ளத்திலே வேறொரு கதை இருந்தது. இந்துக் குடும்பத்தில் பிறந்த குழந்தை, இஸ்லாமியர் ஒருவரின் கையிலே வளர்கிறது, இஸ்லாமியனாகவே வாழ்கிறது. 'அப்துல்லா' என்று பெயரிட்டார், அந்த வேடத்தைத் தாமே ஏற்றார், பீம்சிங் இயக்கினார். சில ஆயிரம் அடிகள் எடுத்த நிலையில், நாயகனின் நடிப்பு இயக்குநருக்கு நிறைவு தரவில்லை. படம் கைவிடப்பட்டது. கதையின் கரு மட்டும் கைவிடப்படவில்லை. அது விரிவாக்கப்பட்டது; ஏவி.எம். இணைந்தது; அப்துல்லா ரஹீம் ஆனான்; ரஹீமாக நின்றவர் சிவாஜி கணேசன். அதுவே 1961 மார்ச்சில் வெளிவந்து வெள்ளிவிழாக் கண்ட 'பாவ மன்னிப்பு'. அகில இந்திய அளவில் இரண்டாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழும் பெற்றது. மூழ்கி எடுத்தவர் கையில் சிப்பி இல்லை. முத்து வேறொரு மார்பிலே ஒளிவிட்டது!

கிறித்தவராகப் பிறந்தவர், இந்துவாகப் பிறந்து இஸ்லாமியனாக வளர்ந்தவன் கதையை எண்ணினாரே, அந்த எண்ணம் எங்கே முளைத்திருக்கும்? தூத்துக்குடியைச் சுற்றிப் பாருங்கள். பனிமய மாதா கோயில் மணி ஒலிக்கும் ஊர்; தெற்கே காயல்பட்டினத்தில் பாங்கொலி; இன்னும் தெற்கே திருச்செந்தூரில் முருகன் கோயில். 1530களில் முத்து வணிகத்தின் போட்டியிலும் அரசியல் நெருக்கடியிலும் சிக்கிய பரதவர்கள், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி ஆயிரமாயிரமாக ஞானமுழுக்குப் பெற்றனர். பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542இல். முழுக்குப் பெற்றபின் கடல் மாறியதா? சிப்பி மாறியதா? மூழ்குபவனின் மூச்சு நீண்டதா? வழிபாடு மாறிற்று, வாழ்வு அதே கயிற்றிலே தொங்கிற்று. பிறப்பு ஒரு மதம், வளர்ப்பு ஒரு மதம், மனிதன் ஒருவனே என்னும் கருத்தை அறிய இக்கரைப் பிள்ளைக்கு வேதநூல் வேண்டியதில்லை. கரையிலே நடந்தாலே போதும்.

இந்த இழப்புக்கு யாரைக் குற்றம் சொல்வது? சிவாஜியையா? நல்ல வேடம் வந்தது, ஏற்றார், திறம்பட நடித்தார். அவர்மீது பழியில்லை. பீம்சிங்கையா? தாம் எடுத்தது சரியாக வரவில்லை என்று இயக்குநர் முடிவு செய்தால், அது அவர் தொழிலின் கடமை. சந்திரபாபுவின் நடிப்பு அந்த வேடத்துக்குப் போதாமலும் இருந்திருக்கலாம்; அந்த அடிகளைப் பார்க்காமல் நாம் தீர்ப்புச் சொல்லுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் ஒன்று கேட்போம். மேடையிலே ஆண்டுக்கணக்கில் அழவும் சிரிக்கவும் பழக்கப்பட்டவருக்கு வாய்த்த பயிற்சி, வந்த நாளிலிருந்து "சிரிக்க வை, போ!" என்றே பணிக்கப்பட்டவருக்கு வாய்த்ததா? ஐயம் எழுந்தபோது ஒருவருக்காக உறுதியாக நின்ற பெருமாளைப் போல் மற்றவருக்காக நின்றவர் யார்? சிரிப்பு நடிகன் என்று நெற்றியிலே ஒட்டிய சீட்டுக்கும், சாதியென்று பிறப்பிலே ஒட்டும் சீட்டுக்கும் உறவில்லையா? "உனக்கு இதுதான் தொழில்" என்று இரண்டும் சொல்கின்றனவே! இவை காரணங்கள். ஆராயத்தக்கவை, மாற்றத்தக்கவை. ராசி என்பது காரணமன்று. காரணத்தைத் தேடாதே என்னும் கட்டளை.

சந்திரபாபு அதோடு ஓயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தைத் தாமே இயக்கி நடித்தார். தட்டினார், திறக்கவில்லை. 1974இல் கடனும் நோயும் சூழ மறைந்தார். அவருடைய பிழைகளும் உண்டு; இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிழை செய்த மனிதனைப் பிழையோடு புரிந்துகொள்ளலாம். கிரகத்தின் மேல் பழி போட்டால் அவரையும் புரிந்துகொள்ள முடியாது, அடுத்தவரையும் காப்பாற்ற முடியாது.

இழந்த வேடம் ஒரு வகை. மறுத்த வேடம் இன்னொரு வகை. அதற்கும் இந்த மாவட்டத்து மண்ணே சான்று தருகிறது. பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடிக்கு அருகிலுள்ள ஊர்தானே! 1799இல் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்ட கட்டபொம்மன் வரலாறு 1959இல் திரைக்கு வந்தபோது, வெள்ளையத்தேவன் வேடத்துக்கு எஸ். எஸ். இராசேந்திரனை அழைத்தனர். அவரோ கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'யில் நடித்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்ட படத்தை விட்டு வர இசையவில்லை. ஜெமினி கணேசன் அவ்வேடத்தை ஏற்றார். இரு படங்களும் அதே ஆண்டு மே மாதத்தில் வந்தன; கட்டபொம்மன் பெருவெற்றி பெற்றது; சிவகங்கைச் சீமை பின்தங்கியது. கணக்குப் பார்ப்பவர் "ஏமாந்தார்" என்பர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கொடுத்த வாக்கைக் காத்தவர் எப்படி ஏமாந்தவர் ஆவார்?

அதே இராசேந்திரன், புராணப் படங்களில் நடிப்பதில்லை என்ற கொள்கையும் கொண்டிருந்தார். தேவர் வேடமும் கடவுள் வேடமும் போட்டவர்களுக்குப் பணம் கொட்டிய காலத்தில், "நான் நம்பாததை மக்கள் நம்பும்படி நடிக்கமாட்டேன்" என்னும் நிலையில் நின்றார். இலட்சிய நடிகர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. இழந்ததைக் கணக்கிட்டால் நீண்ட பட்டியல் வரும். ஆனால் இழப்பு அவர் தாமே தேர்ந்தது. தேர்ந்து இழப்பதற்கும், தேர்வே இல்லாமல் இழப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

தேர்வே இல்லாதவர்களைப் பற்றி ஒரு சொல். தூத்துக்குடிக்கு அருகே 1867இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள் தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படுபவர். 1918இல் மதுரையில் அவர் அமைத்த குழு சிறுவர்களைக் கொண்டது. சீதையும் வள்ளியும் தமயந்தியும் அங்கே ஆண்பிள்ளைகள். பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடம் பெண்ணுக்கு இல்லை! மேடையேறிய பெண்ணை ஊர் ஏசியது. ஏறாத பெண்ணின் திறமையை ஊர் அறியவே இல்லை. வேடம் கிடைக்காதவர் பட்டியலில் நடிகர் பெயர்கள் ஐந்தாறு இருக்கலாம். பட்டியலிலே பெயரே ஏறாத பெண்கள் எத்தனை ஆயிரம்! ஒடுக்கப்பட்டோர் எத்தனை ஆயிரம்! எவரும் திறந்து பார்க்காமலே கரையில் குவிந்து அழுகிய சிப்பிகள் அவர்கள்.

'பாவ மன்னிப்பு' வந்த அதே 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துச் சலாபமும் முடிந்துபோனது. பார்களிலே சிப்பி வளம் குன்றிவிட்டது. அதற்குப் பின் இக்கரையில் மந்திரம் முணுமுணுக்கப்படவில்லை. அறிவியல் ஆய்வு தொடங்கியது. 1973இல் நம் நாட்டு அறிவியலாளர்கள் இக்கடற்கரையிலேயே சிப்பியினுள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். "எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறதோ, அது கடவுளுக்கே வெளிச்சம்" என்ற பேச்சு அங்கே தோற்றது. சிப்பிக்கு ஏற்ற நீரும் இடமும் பாதுகாப்பும் தந்தால் முத்து விளையும்!

மனிதத் திறமையும் அத்தகையதே, தோழர்களே! இன்றும் ஓர் இளைஞனுக்கு இடம் மறுக்கப்படும்போது, ஒரு பெண்ணுக்கு மேடை மறுக்கப்படும்போது, "ராசியில்லை" என்று யாரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்: முடிவு செய்தவர் யார்? எந்த அளவுகோலால்? உறுதியாக நிற்கவேண்டியவர் ஏன் நிற்கவில்லை? அடுத்த முறை நிற்கவேண்டியவர் நாமாகவே இருக்கக்கூடும். வேலூர்ப் பெருமாள் ஒருவர் நின்றதால் ஒரு குணசேகரன் பிழைத்தான். கயிறு பிடிப்பவன் விழித்திருந்தால்தான் மூழ்கியவன் மேலே வருவான்!